பெரியம்மா கொடுத்த மிங்க் கோட்டைப் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்குக் கனடாவின் கால்கரி நகரில் இரண்டு வருட வேலை கிடைத்து, ஜனவரியில் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். டொரொன்டோவில் தாதியாக இருந்து, ஓய்வுபெற்றுச் சிங்கப்பூருக்கே திரும்பிவிட்ட உங்கள் பெரியம்மா, 1988-இல் அங்கே வாங்கிய, மிங்க் என்ற சிறு விலங்கின் ரோமத்தோலால் தைத்த கோட்டை எடுத்துக் கொடுத்து, "அந்தக் குளிருக்கு இதுதான் சரி, போட்டுக்கோ" என்றிருக்கிறார். 14 வயது மகளோ, "அம்மா அதைப் போட்டால் நான் கூட வரமாட்டேன்" என்கிறாள். கணவர் அவளிடம், "நீ வாசிக்கிற மிருதங்கத்தில் இருப்பது என்ன? தோல்தானே?" என்று கேட்க, பிள்ளை அழுதுகொண்டே சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டாள். ஃபர், அதாவது விலங்கின் ரோமத்தோல், போடுவது உண்மையிலேயே தவறா, கோழியும் ஆடும் சாப்பிடுகிற வீட்டில் இதை மட்டும் பேசலாமா, செயற்கை ஃபர் வெறும் பிளாஸ்டிக்தானே, பழைய கோட்டை என்னதான் செய்வது. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் உங்கள் மகள் பக்கம். புதிதாக ஃபர் வாங்குவது தவறு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பழைய கோட் கொஞ்சம் வேறு மாதிரி. ஆனாலும் நானாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகமாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன், சற்று நீளமாகவே.

நான் சலவைத் தொழில் செய்கிறவன். சிங்கப்பூரின் டோபி காட் பகுதிக்கு அந்தப் பெயர், அங்கிருந்த ஓடையில் துணி துவைத்தவர்களால் வந்தது. என் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். நான் துவைப்பதை விட்டு, 30 வருடமாகத் தோல், பட்டு, ஃபர் என்று சாதாரண இயந்திரத்தில் போட முடியாதவற்றைச் சுத்தம் செய்து, கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கிறேன். டிசம்பர் விடுமுறை முடிந்ததும் ஹொக்கைடோ, ஹார்பின், சுவிட்சர்லாந்து போய் வந்த கோட்டுகள் என் மேசைக்கு வரும். ஃபரைத் தண்ணீரில் போட முடியாது. கரைசலில் லேசாக நனைத்த மரத்தூளோடு ஒரு பெரிய உருளையில் போட்டு உருட்டி, பிறகு தூளை உதறி எடுத்து, நீராவி காட்டி, சீவ வேண்டும். கையில் எடுத்தால் அதன் மென்மை மனதை இளக்கும். உங்கள் பெரியம்மாவுக்கு அது ஏன் பிடித்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒருமுறை உள்துணி கிழிந்த நீள மிங்க் கோட் ஒன்று வந்தது. தையலைப் பிரித்து உள்துணியைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று ஒரே விரிப்பாகத் தெரிவது, உள்ளே வெளிர்ந்த தோல், அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தையல்கள். மிங்க் சிறிய விலங்கு. அதன் தோலைச் சாய்வாக மெல்லிய கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கீழே தள்ளி மறுபடி தைத்தால், குட்டையான தோல் நீண்டு ஒடுங்கிய பட்டையாகிவிடும். கோட்டில் மேலிருந்து கீழே வரிவரியாகத் தெரிகிறதே, அந்த ஒவ்வொரு வரியும் ஒரு விலங்கு. முதுகில் தொடங்கி, முன்பக்கம், கை, காலர் என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஒரு நீளக் கோட்டுக்குச் சுமார் 50, 60 மிங்க் தேவைப்படும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவின் கோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வரிகள் தெரியும்.

மிங்க் எப்படிப்பட்ட விலங்கு என்று சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றங்கரையிலும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பல வருடம் காணாமல் போயிருந்து, 1990களின் கடைசியில் திரும்பி வந்தவை. காலையில் நடைபயிற்சிக்குப் போகிறவர்கள் நின்று, குட்டிகளுக்குத் தாய் நீச்சல் பழக்குவதைக் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். மிங்க் அந்த நீர்நாயின் உறவுதான், ஒரே குடும்பம். அதுவும் பாதி நேரம் தண்ணீரில் வாழ்கிற, நீந்தி மீன் பிடிக்கிற விலங்கு.

பண்ணையில் அதற்குக் கம்பிவலைக் கூண்டு. ஐரோப்பா மன்றம் 1999-இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு, ஒரு வளர்ந்த மிங்க்குக்கு 2,550 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் நான்கைத் தரையில் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் இடம். நரிக்கு 0.8 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு சதுரம். வசந்தத்தில் பிறக்கும் மிங்க் குட்டிகளை நவம்பர், டிசம்பரில், குளிர்கால ரோமம் நன்றாக அடர்ந்ததும் கொன்றுவிடுவார்கள். மிங்க்குக்குப் பெட்டிக்குள் வாயு. நரிக்கு வாயிலும் ஆசனவாயிலும் மின்கம்பி வைத்து மின்சாரம் பாய்ச்சுவது வழக்கம், ஏனென்றால் ரோமத்தில் கீறல் விழக்கூடாது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் தெரியாமல் முடிவெடுப்பதை விடத் தெரிந்து எடுப்பது நல்லது.

பண்ணைக்காரர்கள் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த விலங்குக்குத் தண்ணீரே தெரியாது, தெரியாததற்கு அது எப்படி ஏங்கும் என்பார்கள். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். இதையே ஆக்ஸ்ஃபர்டில் ஜார்ஜியா மேசனும் சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2001-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. பண்ணையில் வளர்ந்த மிங்க்குகளுக்குப் பல அறைகளைத் திறந்துவிட்டார்கள். ஒன்றில் விளையாட்டுப் பொருள், ஒன்றில் கூடுதல் கூடு, ஒன்றில் உயரமான மேடை, ஒன்றில் நீந்தத் தண்ணீர்த் தொட்டி. பிறகு கதவுகளில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மற்றவற்றை விடத் தண்ணீருக்குத்தான் அவை பாரமான கதவைத் தள்ளிக்கொண்டு போயின. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியை அடைத்தபோது உடலில் ஏறிய மன அழுத்த ஹார்மோன், பட்டினி போட்டால் ஏறும் அளவுக்கு இருந்தது. கூண்டில் பிறந்தாலும் அது நீர்நாயின் உறவுதான். உடம்பு மறக்கவில்லை.

வெல்ஃபர் என்று பண்ணைகளுக்கு ஒரு நலச் சான்றிதழ் இருக்கிறது, கடைக்காரர் அதைக் காட்டுவார். தீவனம், காயம், கூண்டின் பராமரிப்பு எல்லாவற்றையும் மதிப்பிடுவார்கள். கூண்டு கூண்டாகவே இருக்கும். 2025-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே, இப்போதுள்ள கூண்டு முறைக்குள் இந்த விலங்குகளின் துன்பத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது.

2020 நவம்பரில் டென்மார்க்கில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது உலகத்தின் மிகப்பெரிய மிங்க் உற்பத்தி நாடுகளில் அது ஒன்று. பண்ணை மிங்க்குகளில் கோவிட் கிருமி பரவி, உருமாறி, மனிதருக்குத் திரும்பவும் தொற்றியது. நாட்டில் இருந்த எல்லா மிங்க்குகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவசரமாகக் குழி வெட்டிப் புதைத்தவை வாயு ஏறி மண்ணுக்கு மேலே வந்தன. ஆரோக்கியமான பண்ணைகளில் அப்படிக் கொல்லச் சட்டத்தில் இடமே இல்லை என்பது பின்னால் தெரியவர, வேளாண் அமைச்சர் பதவி விலகினார். ஒரு நாட்டில் அத்தனை உயிர், கோட்டுக்காக மட்டும் கூண்டில் இருந்திருக்கிறது என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எனக்கும் அந்த எண்ணிக்கை அன்றுதான் உறைத்தது. அந்தப் படங்களைப் பார்த்த வாரத்திலிருந்து புது ஃபர் கோட் எதையும் அளவு குறைத்துத் தைப்பதை நிறுத்திவிட்டேன்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருவோம். அவரைத் தள்ளிவிடக்கூடாது, அது நல்ல கேள்வி. கேட்ட இடமும் கேட்ட விதமும்தான் பிள்ளையைப் புண்படுத்திவிட்டது.

மிருதங்கத்தில் இருப்பது ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். தவிலும் பறையும் அப்படித்தான். ஆனால் அந்த ஆட்டை மிருதங்கத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை. இறைச்சிக்கு அறுத்ததன் தோல் அது. எடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும். ஒரு மிருதங்கம் வருடக்கணக்கில் பேசும், மூட்டு என்கிற தோல்மூடியை மாற்றி மாற்றி ஒரு தலைமுறை வாசிக்கலாம். மிங்க்கின் கதை தலைகீழ். அதன் இறைச்சியை நாம் சாப்பிடுவதில்லை. ரோமத்துக்காகவே பிறக்க வைத்து, ரோமத்துக்காகவே கொல்கிறார்கள். வாங்க ஆள் இல்லையென்றால் அந்த விலங்கு கூண்டில் பிறந்திருக்கவே போவதில்லை. புலாலைப் பற்றி வள்ளுவர் வைத்த வாதமும் இதுதான்: தின்பவர் இல்லாவிட்டால் விற்பவர் இருக்கமாட்டார். ஃபருக்கு அது அப்பட்டமாகப் பொருந்துகிறது.

அதற்காகத் தோல் பொருள் எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன். என் மாமனார் ஊர் வாணியம்பாடிப் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தும் பார்த்திருக்கிறேன். 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றமே அந்த ஆலைகள் மேல் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. தோல் விலை இறைச்சித் தொழிலுக்கும் வருமானம்தான், எனவே அது முழுக்கக் கழிவு என்றும் சொல்லிவிட முடியாது. காலணியை ஐந்து வருடம் உழைக்கிற மாதிரி வாங்கித் தைத்துத் தைத்துப் போடுங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

ஃபர் குளிர் நாட்டுக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. முதலைத்தோல், மலைப்பாம்புத்தோல் வணிகத்தில் சிங்கப்பூர் நெடுங்காலமாக முக்கியமான இடம். 2011-இல் பாரிஸின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் குழுமம், இங்கே முதலைத்தோல் பதனிடும் ஹெங் லாங் நிறுவனத்தில் 51 விழுக்காடு வாங்கியது. ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற கைப்பைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கோழி? நான் சைவம் இல்லை. மீன் சாப்பிடுகிறேன், எப்போதாவது ஆடு. கோழியை ஆறு வருடத்துக்கு முன் விட்டேன், ஆறேழு வாரத்தில் எடை ஏற்றி அறுக்கப்படும் பறவையின் வாழ்க்கை மிங்க்கின் வாழ்க்கையை விட மேல் என்று என்னால் சொல்ல முடியாததால். ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தட்டில் இருப்பதும் உயிர்தான். ஆனால் அதிலிருந்து அவர் போகிற முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு கடன் இருப்பவன் ஒன்றை அடைத்தால், "இன்னொன்று பாக்கி இருக்கிறதே, இதை ஏன் அடைத்தாய்" என்று யாரும் கேட்பதில்லை. 14 வயதுப் பிள்ளைக்கு முதலில் ஒன்று உறைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வரும்போது மற்றதும் ஒருநாள் உறைக்கும், அல்லது உறைக்காமலும் போகலாம். அவளுக்கு மிருதங்கமே உறுத்தினால், செயற்கைத் தோல் வைத்த மிருதங்கங்கள் இப்போது வந்திருக்கின்றன, குருவிடம் கேட்டுப் பாருங்கள். நாதம் ஒன்றா என்பதை வாசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அவளாகக் கேட்காத வரை அந்த வாத்தியத்தை அவள் மேல் எறிய வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் தடுமாற்றம் தருவது பட்டு. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நம் வீட்டு விஷயம் என்பதால் விடமுடியவில்லை. பட்டுக்கூட்டை முழு இழையாகப் பிரிக்க வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் புழு பூச்சியாகி வெளியே வருவதற்குள் ஆவியிலோ வெந்நீரிலோ கொன்றாக வேண்டும். ஒரு காஞ்சிபுரம் புடவைக்குப் பின்னால் சில ஆயிரம் கூடுகள். எண்ணிக்கையைப் பார்த்தால் மிங்க் கோட்டை விட அதிகம். புழுவுக்கு வலி எந்த அளவுக்கு என்பதில் அறிவியல் உறுதியாக எதையும் சொல்லவில்லை. மிங்க்கின் மூளையும் நரம்பும் கிட்டத்தட்ட நம்முடையதைப் போல, சந்தேகத்துக்கு இடமில்லை. அதனால் இரண்டையும் ஒன்றாக வைக்கமாட்டேன். ஆனாலும் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு வேண்டாம் என்று சொல்லி வந்தார். அன்றைய ஆந்திராவில் குசும ராஜய்யா என்பவர் பூச்சி தானே கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு நூற்கும் அகிம்சைப் பட்டை நெய்து காட்டினார். பளபளப்பு கொஞ்சம் குறைவு, தொட்டால் பருத்தி மாதிரி கதகதப்பு. என் மகள் கல்யாணத்தில் கூறைப்புடவை வழக்கமான பட்டுதான். அப்போது நான் ஒன்றும் பேசவில்லை, பேசியிருக்கலாம்.

பிளாஸ்டிக் பற்றி. நீங்கள் சொல்வது உண்மை. செயற்கை ஃபர் பெரும்பாலும் அக்ரிலிக், பாலியெஸ்டர். துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிரும், மட்குவதற்கு யுகங்கள் ஆகும். அதனால் உண்மையான ஃபர்தான் இயற்கைக்கு நல்லது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் படிகாரம், உப்பு, ஃபார்மால்டிஹைட், சாயம் எல்லாம் ஏற்றிய தோல் காட்டில் விழுந்த சருகு மாதிரி மட்கிவிடாது. மட்கினால் யாரும் அதைக் கோட்டாகப் போட முடியாதே. ஊன் தின்னும் விலங்கை ஆயிரக்கணக்கில் வளர்க்க மீன் கழிவும் கோழிக் கழிவும் லாரி லாரியாக வேண்டும், சாணமும் அதே அளவுக்கு வரும். அதை விட, ஒன்று விலங்கு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் என்று யார் நமக்கு வரையறுத்தது? ஃபர் மாதிரி தெரிகிற எதுவுமே இல்லாத கோட்டைப் போட்டால் போச்சு. கால்கரியில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் பனிக்குல்லாவின் ஓரத்தில் ரோமம் வைத்த அங்கிகளைப் பார்ப்பீர்கள். அதற்கு ஒரு வேலை உண்டு. முகத்தைச் சுற்றி வீசும் காற்றை உடைத்து, மூச்சின் வெப்பத்தைக் கொஞ்சம் தங்க வைக்கும். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் வால்வரின் என்ற விலங்கின் ரோமத்தைத் தேடிப் பிடித்து வைத்தது, அதில் படியும் பனி தட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால். மைனஸ் 40-இல் வேட்டைக்குப் போகிறவருக்கு அது உயிர். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சீல் என்னும் கடல்நாயின் தோல் விற்பனையைத் தடைசெய்தபோது இனுயிட் வேட்டைக்கு விலக்குக் கொடுத்தது, இருந்தும் அவர்களுடைய சந்தையும் சேர்ந்து சரிந்து, பல குடும்பங்கள் வருமானம் இழந்தன. மகளிடம் இதையும் சொல்லி வையுங்கள். அங்கே பூர்வகுடி மக்கள் ரோமமும் தோலும் அணிந்து வந்தால் விரல் நீட்டக்கூடாது. அந்த மண்ணின் குளிரோடு ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்தவர்களின் தேவை வேறு, தேக்காவில் காப்பி குடித்துவிட்டு விமானம் ஏறுகிற நம்முடைய தேவை வேறு.

அந்தக் குல்லா ரோமம் பெரும்பாலும் கயோட்டி என்ற ஓநாய்ச் சாதி விலங்கினுடையது, காட்டில் பொறிவைத்துப் பிடித்தது. காலைக் கவ்விப் பிடிக்கும் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1995-லேயே தடைசெய்துவிட்டது. அந்த ரோமத்துக்காகவே பெயர் வாங்கிய கனடா கூஸ் நிறுவனமே 2021-இல் ரோமம் வாங்குவதை நிறுத்தி, 2022 முடிவோடு அதை வைத்துத் தைப்பதையும் விட்டுவிட்டது. குளிர் ஒன்றும் குறையவில்லை, அங்கிகளும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது: உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்குகிற அங்கி, முகத்தைத் தாண்டி முன்னால் நீள்கிற குல்லா. காலணியில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். அங்கிக்குள் வாத்து இறகு இருந்தால் உயிரோடு பிடுங்கப்படாத இறகு என்ற சான்று இருக்கிறதா பாருங்கள். செயற்கைப் பஞ்சு வைத்ததும் நன்றாகவே தாங்கும். இதில் பாதியை இங்கேயே வாடகைக்கோ பழையதாகவோ வாங்கலாம், ஆனால் அங்கி மட்டும் அங்கே போய் வாங்குங்கள். கால்கரியில் சினூக் என்று ஒரு வெப்பக்காற்று அடிக்கும், ஒரே நாளில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறிவிடும். அடுக்கடுக்காகப் போட்டிருந்தால் கழற்றிக்கொள்ளலாம், மிங்க் கோட்டில் அது முடியாது.

புதிதாக வாங்கும் எதிலும் ரோமம் இருந்தால் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். செயற்கை என்று எழுதி உண்மையானதை விற்ற கதைகள் எத்தனையோ. விலை குறைவு என்பதும் ஆதாரம் இல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற சாவிக்கொத்துப் பந்து முயல் ரோமமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரோமத்தை விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் செயற்கை, தோல் தெரிந்தால் உண்மை. உண்மையான ரோமத்தில் நீண்ட மேல்மயிரும் அடியில் பஞ்சு மாதிரி குட்டை மயிரும் இருக்கும், நுனி ஊசி போல் மெலியும். இரண்டு இழையைப் பிடுங்கி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தலைமயிர் கருகும் நாற்றம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் விலங்கு, உருகி உருண்டையானால் பிளாஸ்டிக்.

இனி பெரியம்மாவின் கோட். 1988-இல் செத்த விலங்கு திரும்பி வராது, தூக்கி எறிந்தால் இரண்டாம் முறை வீண்தானே என்று ஒரு பக்கம் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் என் கடையில் ஒன்று நடந்தது. அம்மா விட்டுப்போன நரித்தோல் கோட்டை ஒரு வாடிக்கையாளர் சப்போரோவுக்குப் போட்டுப் போனார். அடுத்த வருடம் அவருடைய தங்கையும் கூடப் போனார், புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு. அந்த ஜனவரியில் இரண்டு கோட்டும் ஒரே பையில் என் மேசைக்கு வந்தன. பழையது எது, புதியது எது என்று என்னைப் போல் தொழில் தெரிந்தவனுக்கே பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், தெருவில் போகிறவருக்கு எங்கே தெரியப் போகிறது? நாம் போடுவது பார்ப்பவருக்கு ஆசையாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் விற்காதீர்கள் என்றும் சொல்வேன். நானூறு, ஐந்நூறு வெள்ளிக்கு அது வேறு கைக்குப் போய் அதே வேலையைச் செய்யும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்து வருகிறது. பிரிட்டன் ஃபர் பண்ணைகளை 2000-இல் சட்டம் போட்டு மூடியது. நெதர்லாந்தில் மிங்க் பண்ணைகள் 2021-இல் முடிந்தன. அதே வருடம் இஸ்ரேல், மதச் சடங்குத் தேவை போன்றவற்றுக்கு விலக்கு வைத்து, ஃபர் விற்பனையையே தடுத்தது. கலிபோர்னியாவில் 2023 முதல் புதிய ஃபர் விற்கக்கூடாது. மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியை இந்தியா 2017-இல் தடைசெய்தது. சிங்கப்பூரில் அப்படித் தடை இல்லை. அருகிவரும் விலங்கென்றால் மட்டும், அவற்றின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும், மிங்க் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே சட்டப்படி நீங்கள் கோட்டை எடுத்துப் போகலாம், யாரும் மறிக்கமாட்டார்கள்.

பெரியம்மாவிடம் மட்டும் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தனியாகப் போன ஒரு தாதி, ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிச்சம் பிடித்துத் தனக்கென்று வாங்கிய பெரிய பொருள் அதுவாக இருக்கலாம். அந்தக் கோட்டோடு எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, "பெரியம்மா, நான் இதைப் போடப் போவதில்லை, ஆனால் வீணாக்கவும் மாட்டேன்" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். கொடுத்ததை ரகசியமாகப் பரணில் போட்டு வைப்பதை விட அது மரியாதை. பிள்ளைக்கும் ஒன்று சொல்லுங்கள், 1988-இல் பெரியம்மா கையில் மிங்க் பண்ணையின் படம் எதுவும் இருந்திருக்காது.

வீணாக்காமல் என்ன செய்வது? பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். ஏறக்குறைய அதையே இன்று செய்யலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வனவிலங்கு மறுவாழ்வு மையங்கள் சில, பழைய ஃபர் கோட்டுகளை வாங்கிக்கொள்கின்றன. தாயை இழந்த குட்டிகளை அதில் சுருட்டிப் படுக்க வைப்பார்கள். ரோமத்தின் கதகதப்பில் குட்டி அமைதியாகிவிடும்.

அனுப்பும் முன் இரண்டு காரியம். முதலில் கோட் தாங்குமா என்று பாருங்கள். நம் ஈரக்காற்றில், வீட்டுச் சேமிப்பறையில் வருடக்கணக்கில் தொங்கியிருந்தால் உள்தோல் மக்கியிருக்கும். அக்குளுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள்; காகிதம் மாதிரி கிழிந்தாலோ, மயிர் கொத்தாகக் கையோடு வந்தாலோ அது முடிந்த கோட். தாங்கினால் உள்துணி, பொத்தான், கொக்கி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள், குட்டிகள் விழுங்கிவிடும். பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்த நெடி போகும் வரை, ஒரு வாரமாவது, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள். அப்புறம் கால்கரி போய்ச் சேர்ந்ததும் ஆல்பர்ட்டாவில் உள்ள மையங்களுக்கு எழுதி, யார் வாங்கிக்கொள்கிறார்கள், எத்தனை துண்டாக வெட்டித் தரவேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தை மகளே எழுதட்டும்.